அரைச் சவரம்

போன வாரம் சிறை வாசலிலிருந்து நேராகத் தன் அக்கா வீட்டுக்குப் போனானே அந்த மனிதன், அவன் இன்று தன் சலூனுக்கு வருகிறான். ‘தன்’ சலூன் என்பது தெருவின் பேச்சு. சலூன்காரியிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். வைத்துவிட்டாளே என்று நீங்கள் நிம்மதியடைய வேண்டாம், அவள் வாய் அதைவிடக் கூர்மை.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த சலூனை நடத்தியது இரண்டு பேர், அவள் கணவனும் அவனுடைய கூட்டாளியும். ஒரு நாள் கூட்டாளி, எதிர் வரிசையில் தனியாகக் கடை போடப் போகிறேன் என்றார். அந்த நேரம் பார்த்துக் கணவன் கையில் சவரக் கத்தி இருந்தது. கூட்டாளியின் காதடியில் தொடங்கிய வெட்டு தாடையைத் தாண்டித்தான் நின்றது.

நாற்காலியில் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், கழுத்தில் கட்டிய துண்டோடு எழுந்து ஓடினார். ஓடினவர் தெரு முனையில் நிற்காமல் பஸ்ஸே ஏறிவிட்டார் என்று இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் அப்போது ஒரு வங்கியில் மேனேஜர். ஓய்வு பெற்ற பிறகும் நேரில் அவர் மேனேஜர் சார்தான். முதுகுக்குப் பின்னால் மட்டும் அவர் பெயர் ‘அரைச் சவரம்’.

கணவன் உள்ளே போனான். ரத்தம் சிந்திய நாற்காலியில் எவன் வந்து கழுத்தை நீட்டுவான்? அதிலும் ஒரு பெண்பிள்ளை கையில்? ஒரு வருஷம் கடை ஈ ஓட்டியது. அப்புறம் இரக்கப்பட்ட அம்மாக்கள் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள், பிள்ளைகளுக்குப் பின்னால் அப்பாக்கள் வந்தார்கள், இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெஞ்சில் இடம் கிடைக்காது. அந்த நாற்காலியை அவள் அப்படிச் சம்பாதித்தாள்.

இதற்கிடையில் மேனேஜர் ஒரு குழு தொடங்கினார். சிறையிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஊர் துணை நிற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான், யார் இல்லை என்றார்கள்? குழு மாதா மாதம் சிறைக்குப் போய் அவனைப் பார்த்தது. வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, நாங்கள் பொறுப்பு என்று மேலிடத்தில் சொன்னது. அதனால் அவனை முன்கூட்டியே விட்டார்கள். என்ன வேலை? சலூன் வேலை. சலூன்காரியைக் கேட்டார்களா என்றால், அதுதான் இல்லை.

நாளை காலை ஒரு அதிகாரி வருவார். இவருக்கு உங்கள் கடையில் வேலை உண்டா என்று அவளிடம் கேட்பார். இல்லை என்று அவள் சொன்னால், மிச்சக் காலத்தைக் கழிக்க அவன் மறுபடி உள்ளே போக வேண்டும்.

இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு இன்றைய ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள்.

கடையைத் திறக்க வந்தவள் பெயர்ப்பலகையைப் பார்த்து அப்படியே நின்றாள். அவள் வைத்த பலகைதான். ஆனால் யாரோ புது வண்ணம் அடித்து, ‘மீண்டும் அதே கைவண்ணம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். கீழே சின்னதாக, ‘குழுவின் அன்பளிப்பு.’

ஸ்டூலைப் போட்டு ஏறி, பலகையைக் கழற்றி, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினாள். கையெல்லாம் பச்சை வண்ணம் ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் படிக்கும் மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல எண்ணத்தில்தானே செய்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அந்த நல்ல எண்ணத்தை அவரவர் வீட்டுச் சுவரில் அடித்துக்கொள்ளட்டும் என்று பதில் வந்தது. மகள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பெஞ்சில் ஒருத்தர்கூட இல்லை. வழக்கமாக வரும் மாடி வீட்டுக்காரர் எதிர்ப்பக்கமாக நடந்து போனார். சீப்பு படாத தலையோடு போனவர், அவளைப் பார்த்ததும் செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டார். தெருக்காரர்கள் போன வாரமே சொல்லிவிட்டார்கள்: ஜெயிலுக்குப் போனவன் நிற்கிற கடைக்கு வர மாட்டோம், அவனைச் சேர்த்துக்கொண்டால் எங்களை மறந்துவிடு. குழு ஒரு பக்கம் இழுத்தது, தெரு மறுபக்கம் இழுத்தது. நடுவில் கிழிகிறது யாருடைய பிழைப்பு என்று இரண்டு தரப்பிலும் எவருக்கும் அக்கறை இல்லை.

கணவன் வந்தான். முன்னால் அவன் அக்கா, பின்னால் அவன். பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்து வந்த பிள்ளை மாதிரி நின்றான். இளைத்திருந்தான். தலைமுடியை உள்ளே எவனோ கண்டபடி வெட்டியிருந்தான். அந்தக் கோணல் கிராப்பைப் பார்த்ததும் சலூன்காரியின் விரல்கள் அவளையறியாமல் அசைந்தன. அதற்காக அவள் தன் விரல்கள் மேலேயே எரிச்சல்பட்டாள்.

அவன் உள்ளே வந்தான். யாரையும் பார்க்காமல் நேராக நாற்காலியிடம் போனான். காலால் மிதியை மிதித்தான். நாற்காலி மேலே ஏறியது.

அவள் உயரம் குறைவு. கடை கைக்கு வந்த நாளிலிருந்து நாற்காலி அவள் உயரத்துக்கு இறங்கியே கிடந்தது. அவள் பேசாமல் வந்து விசையை அழுத்தி, நாற்காலியைப் பழைய இடத்துக்கு இறக்கினாள்.

“கண்ணாடியைப் பெருசா மாத்தியிருக்கறதா சொன்னா. இவ்வளவு பெருசுன்னு சொல்லல” என்றான் அவன். வந்து சேர்ந்து பேசிய முதல் பேச்சு அது.

“யாரு சொன்னா?”

மகள் துடைப்பத்தை எடுத்து, சுத்தமாக இருந்த தரையைக் கூட்டத் தொடங்கினாள். சலூன்காரிக்கு உறைத்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை லைப்ரரிக்குப் போகிறேன், வர இருட்டிவிடும் என்பாளே, அந்த லைப்ரரிக்குச் சுற்றுச்சுவரும் காவலும் இருந்திருக்கிறது. குழுவோடு வண்டி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பெற்ற பெண்ணே. மென்று விழுங்கினாள், இதை வைத்துக்கொண்டு பேச வேறு நாள் இருக்கிறது.

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள். தம்பி திருந்திவிட்டான், ஊரே கூடி நல்லது செய்கிறது, கட்டினவளுக்கு மட்டும் மனசு இறங்கவில்லையே என்று ஒரு பாட்டம். கடை அவன் கை வைத்த கடை, இவள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி, இனி அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று இன்னொரு பாட்டம்.

“நான் பார்த்துக்கல அண்ணி. நடத்தினேன்” என்றாள் சலூன்காரி.

“நடத்தினதைத்தான் தெருவே பேசுதே. செவ்வாய்க்கிழமை விடியக்காலையில ஷட்டரைப் பாதி இறக்கி வச்சுட்டு யாருக்கு என்ன நடத்தினேன்னு உன் புருஷனுக்கும் சொல்லேன். வெட்டுப்பட்டவன் வாரா வாரம் குனிஞ்சு உள்ள போறானாமே.”

கடைக்குள் துடைப்பத்தின் சத்தம் நின்றது.

அவள் மறைத்தாள் என்பது உண்மை. முதல் வருஷம் ஒரு விடியலில் கூட்டாளி வந்து வாசலில் நின்றார். தழும்பை மூடத் தாடி வளர்த்திருந்தார். வேறு கடைக்குப் போனால் தாடிக்குள் விரல் விட்டதும் கேள்வி கேட்கிறார்கள்; தானே செய்துகொள்ளலாம் என்றால் கத்தியை முகத்துக்குக் கொண்டுபோனதும் கை உதறுகிறது. தொழிலையே விட்டுவிட்டு ஒரு கிடங்கில் காவல் இருந்தார். அவள் உள்ளே கூப்பிட்டு, தெரிந்த அளவுக்குத் தாடியை ஒதுக்கினாள். கத்தரியை இப்படிப் பிடிக்காதே, கட்டை விரல் மட்டும்தான் அசைய வேண்டும் என்று அவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அடுத்த வாரம் வேறொன்று சொன்னார். அவள் தொழில் கற்றுக்கொண்டது அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான். வெட்டினவன் பெண்டாட்டிக்கு வெட்டுப்பட்டவர் கற்றுக்கொடுத்தார் என்று இந்தத் தெருவில் யாரிடம் போய்ச் சொல்வது?

“அவரை நான் அண்ணேன்னு கூப்பிடறேன். நீங்க எப்படிக் கூப்பிட்டாலும் அது உங்க வாய்” என்றாள்.

கணவன் எதுவும் கேட்கவில்லை. மேசையிலிருந்த சீப்பை எடுத்து, பல் பல்லாகத் துடைத்துக்கொண்டிருந்தான். சலூன்காரி அறிந்த மௌனம் அது. ஏழு வருஷத்துக்கு முன்னாலும் அன்றைக்குக் காலையில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் குழு வந்தது. மேனேஜர், அவருக்குப் பின்னால் நாலைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதி. சலூனுக்குத் தலையைக் கொடுக்க வராதவர்கள் கண்ணைக் கொடுக்க வந்துவிட்டார்கள். பலகை திரும்பியிருப்பதைப் பார்த்த மேனேஜரின் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, திட்டத்தைச் சொன்னார். தெருவுக்கு நம்பிக்கை வர வேண்டும். அதற்கு யாராவது முதலில் உட்கார வேண்டும். அவரே உட்காரப் போகிறார். எல்லோர் முன்னிலையிலும், கதவு திறந்திருக்க, அவன் கையால் முழுச் சவரம்.

இதையும் என்னைக் கேட்கவில்லையே என்றாள் அவள். மேனேஜர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் பக்கம் நெருங்கி, குரலைத் தாழ்த்தினார்.

“நான் அன்னைக்கு ஓடிட்டேன்மா. வெட்டுப்பட்டவர் கன்னத்தைப் பொத்திக்கிட்டு ஒரு துணிக்குக் கையை நீட்டினார். துண்டு என் கழுத்துலதான் இருந்தது. அதோட ஓடிட்டேன். அதுக்குத்தான் மாசா மாசம் ஜெயிலுக்குப் போனேன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் குறைந்ததா என்றால், குறையவில்லை.

“ஜெயிலுக்குப் போக அரை நாள் ஆகும் சார். என் கடை உங்க வீட்டுக்கு அடுத்த தெரு. அந்த அண்ணன் வீடு அதுக்கும் அடுத்த தெரு. ரெண்டு இடத்துக்கும் நீங்க ஒரு தடவை வரல.”

மேனேஜர் வாசல் பக்கம் ஒரு அடி வைத்தார். ஆனால் கூட்டத்தில் எவனோ, “சார், இன்னைக்காவது மிச்சப் பாதியை முடிச்சுட்டுப் போங்க” என்றான். சிரிப்பு எழுந்தது. அவர் விறைத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கணவன் மிதியை மிதித்தான். நாற்காலி மறுபடி ஏறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பழகின கை மறக்கவில்லை. துண்டு கட்டி, பிரஷ்ஷால் நுரை ஏற்றி, கத்தியில் பிளேடு மாற்றி, ஒரு கன்னத்தை நாலு இழுப்பில் முடித்தான். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பிறகு மோவாயை இரண்டு விரலால் மேலே தூக்கினான். கழுத்து நீண்டது. கண்ணாடிக்குள் மேனேஜரின் பார்வை கத்தியைத் தேடி, கத்திக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தது. அந்த முகத்தில் அக்கா சொன்ன பேச்சு இன்னும் அப்படியே இருந்தது.

“போதும் தம்பி. இது போதும்” என்றார். அதற்குள் எழுந்துவிட்டார். துண்டோடு வாசலைத் தாண்டிவிட்டார். பஸ் மட்டும்தான் ஏறவில்லை.

தெரு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதில் கொஞ்சமும் ஈரம் இல்லை. நாங்கள் சொன்னோம் இல்லையா என்கிற சிரிப்பு. குழுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒரு கன்னம் வழவழப்பும் ஒரு கன்னம் நுரையுமாக மேனேஜர் நடைபாதையில் நின்றார். கணவன் கத்தியை மேசையில் வைத்தான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். அந்த ஒரு கணம் சலூன்காரிக்கு அவன் மேல் பாவமாக இருந்தது. வேண்டாம் என்று நினைத்தாலும் இருந்தது.

சிரிப்பு திடீரென்று அடங்கியது. கூட்டம் விலகியது. விலகிய வழியில் கூட்டாளி வந்தார்.

செவ்வாய்க்கிழமை வருகிற மனிதர் ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெளிச்சத்தில், தெரு நடுவில் நடந்து வந்தார். மேனேஜரைத் தாண்டும்போது ஒரு நொடி நின்று அவர் கழுத்துத் துண்டைப் பார்த்தார். அப்புறம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தாடியை எடுக்கணும்.”

சலூன்காரி கத்தரியை எடுத்தாள். அவர் தலையை ஆட்டினார். “நீ இல்லம்மா. அவன்.”

“எதுக்கு அண்ணே?”

“கோர்ட்டுல குனிஞ்ச தலை நிமிரல. என் மூஞ்சியை அவன் இன்னும் பார்க்கவே இல்ல. அதுக்குள்ள வீடு திரும்பிட்டான்னு எல்லாரும் கொண்டாடறாங்க. பார்த்துட்டுத் திரும்பட்டும்.”

குரலில் மன்னிப்பும் இல்லை, கத்தலும் இல்லை. வெறுப்பு இருந்தது. ஏழு வருஷமாகத் தாடிக்குள் வளர்ந்த வெறுப்பு.

“எடுடா கத்தியை. உன் கடை, உனக்கென்ன பயம்” என்றாள் நாத்தனார்.

கணவன் அக்கா பக்கம் திரும்பவில்லை. மேசையிலிருந்த கத்தியைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

“எடுக்கட்டுமா?”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை அனுமதி கேட்டது இதுதான் முதல். கேட்கிறவன் மனதில் ஷட்டர் கதை ஓடிக்கொண்டிருக்கிறதா, இல்லையா? அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பயமாக இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணனும் பத்திரம், நாளைக்கு அதிகாரிக்குச் சொல்ல வேண்டிய பதிலும் கையோடு முடிந்தது. ஆனால் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கிறவராக இல்லை. அவர் வந்து உட்கார்ந்தது அவளை நம்பித்தான்.

அவள் வாசலுக்கு வந்தாள். “எல்லாரும் வெளிய போங்க. அண்ணி, நீங்களும்.”

குழு பொறுப்பேற்றிருக்கிறது, நாங்கள் கூட இருக்க வேண்டும் என்று மேனேஜர் நுரை ஒழுக ஆரம்பித்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஷட்டர் கொக்கியைப் போட்டு இழுத்தாள். எப்போதும் போலப் பாதி. யாராவது குனிந்து பார்க்க வேண்டுமானால் குனிந்து பார்த்துக்கொள்ளட்டும். வெளியே வரிசையாகச் செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன.

மகளையும் போகச் சொன்னாள். “வெட்டு நடந்த அன்னைக்கும் என்னை வெளியதான் அனுப்பினீங்க. இன்னைக்குப் போக மாட்டேன்மா” என்று மகள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றாள். அவளை இழுத்துத் தள்ள இப்போது நேரம் இல்லை.

நீண்ட தாடியைக் கத்தியால் எடுக்க முடியாது, முதலில் கத்தரி. நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கிவிட்டு, அதை சலூன்காரியே செய்தாள். நரை கலந்த முடி மடியில் விழுந்தது. துண்டை மாற்றினாள். பழைய பிளேடைக் கழற்றி, புதிதைப் போட்டு, கத்தியின் பிடியைக் கணவன் பக்கம் நீட்டினாள்.

“இது என் கடை. என் நாற்காலி. ஒரு கீறல் விழுந்தாலும் நான்தான் பதில் சொல்லணும். புரியுதா?”

“புரியுது.”

அவன் கால் பழக்கத்தில் மிதிக்குப் போனது. போனது நின்றது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். நாற்காலி இறங்கியிருந்த உயரத்துக்கே முதுகை வளைத்துக் குனிந்தான்.

நுரை ஏறியது. கத்தி காதடியில் தொட்டது. ஒரு இழுப்பு. நுரையோடு முடி வழித்து வந்த இடத்தில், தையல் போட்ட இடமெல்லாம் மேடு தட்டி, தழும்பின் முனை தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். கத்தி அந்தரத்தில் நின்றது. சலூன்காரியின் கை தானாக, ரத்தத்தை நிறுத்தும் படிகாரக் கட்டியைத் தேடி எடுத்துக்கொண்டது. கண்ணாடியில் மூன்று முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

“ஏன் நிறுத்திட்ட?” என்றார் கூட்டாளி. “இன்னும் நிறைய இருக்கு.”